மல்லாட்டைக்கு விழுது இறங்கும் மாதம்

ஆறு வயதுக்கு மேல் மாண்டிசோரியில் என்ன இருக்கிறது? எங்கள் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோரப் பலகைகள் பலவற்றில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயர் இருக்கிறது. பெரும்பாலும் அது எல்.கே.ஜி., யு.கே.ஜி.யோடு முடிந்துவிடும். இளஞ்சிவப்புக் கோபுரம், மணல்தாள் எழுத்து, தண்ணீர் ஊற்றிப் பழகும் குவளை, இவ்வளவுதான் மாண்டிசோரி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு வந்ததும் பெஞ்சும் வீட்டுப்பாடமும் வந்துவிடும். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கான மாண்டிசோரிப் படிப்பு முழு உருவம் பெற்றது நம் தமிழ்நாட்டில், கொடைக்கானல் மலையில்.

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தபோது அவருக்கு 69 வயது. தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாறில் ஓலைக் கொட்டகை போட்டுப் பயிற்சி நடந்தது. சுமார் 300 ஆசிரியர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-ஆவது பிறந்த நாளை ஒட்டித்தான் மரியோவை விடுவித்தார்கள். ஆனாலும் ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளும் இருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உடன் உழைத்தார். மலையும் ஓடையும் செடியும் பூச்சியும் பாடப் பொருள்களாயின.

ஆறு வயது வரை பிள்ளை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, பேர் கேட்டு, திருப்தி அடைகிறது. அதற்குப் பிறகு கேள்வி மாறிவிடுகிறது. ஏன் அப்படி, யார் சொன்னது, அது நியாயமா, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று போகும். அந்த வயதுக்கு உலகத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கக் கூடாது. முதலில் அண்டம் முழுவதையும் கதையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு எந்தத் துண்டை எடுத்தாலும் அது எங்கே பொருந்துகிறது என்று பிள்ளைக்கே தெரியும். இதைச் சொல்லும் அம்மையாரின் நூல் 1948-ல் அடையாறிலிருந்து வெளிவந்தது. நான் இந்தத் தொழிலில் உறுதியாக நம்புவது இந்த ஒன்றைத்தான்.

நான் இதற்கு வந்தது பணக்காரப் பள்ளி வழியாக அல்ல. மயிலம் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கி வைத்தது அது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையும் மாண்டிசோரியின் கைப்பொருள்களும் அதற்குள் கலந்திருந்தன. எங்கள் அறையிலிருந்து பெஞ்சு வெளியே போனது, கோரைப்பாய் உள்ளே வந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அன்றன்றைக்குப் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். சுவரில் ஏணிப்படி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் உட்காரும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்களில் கொல்லைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

செயல்வழிக் கற்றலைக் குறை சொல்பவர்களோடு நான் இன்றைக்கும் வாதாடுவேன். வகுப்பறையில் சத்தமும் அடியும் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதில் எனக்குப் பட்ட குறை வேறு. ஒரு அட்டையில் மழை இருக்கும், இன்னொரு அட்டையில் லிட்டர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த படி காத்துக்கொண்டிருக்கும். முழுக்கதை எங்கும் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான பயிற்சியை முடித்தபோதுதான் அந்த இடம் நிரம்பியது. இப்போது திண்டிவனத்துக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்னப் பள்ளியில் இருக்கிறேன். விழுப்புரத்தில் வீடு. காலை பாசஞ்சரில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டித் திண்டிவனம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான வயதுப் பிள்ளைகள் எங்களிடம் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பது மாண்டிசோரியில் ஏற்பாடு. ஈராசிரியர் பள்ளியில் அது பிழைப்புக்கான வழி. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

இந்த மாசி, பங்குனியில் அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மாசித் தொடக்கத்தில் கருப்புத் துணியை எடுத்தோம். பயிற்சியில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அம்மையாரும் மரியோவும் இந்தியாவில் இருந்தபோது, எங்கள் நாகரிகம்தான் பழையது என்று பிள்ளைகள் பெருமை பேசினார்களாம். பூமியின் வயதைக் காட்ட மரியோ முந்நூறு மீட்டர் கருப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சாலையில் விரித்தாராம். மனிதன் வந்தது அதன் கடைசி நுனியில் ஒரு மெல்லிய கோடு. எங்கள் துணி முப்பது மீட்டர்தான். விழுப்புரத்துத் துணிக்கடையில் வாங்கி, மூங்கில் கழியில் சுற்றி வைத்திருக்கிறோம். முதல் முறை விரிக்கும்போது நான் அதிகம் பேச மாட்டேன். இரண்டு பிள்ளைகள் கழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள். துணி வந்துகொண்டே இருக்கும். வேப்பமரத்தைத் தாண்டி, கைப்பம்பைத் தாண்டி, வேலி வரைக்கும் போகும். இது பூமியின் வயது என்று மட்டும் சொல்வேன்.

கணக்கு அதற்கு மறுநாள். பூமிக்கு ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. முப்பது மீட்டரில் பங்கிட்டால் ஒரு மீட்டருக்குச் சுமார் 15 கோடி, ஒரு சென்டிமீட்டருக்கு 15 லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம். இதைப் பெரிய பிள்ளைகள் மணிகளையும் குழாய்களையும் வைத்து வகுத்துக் கண்டுபிடித்தார்கள். நம்மைப் போன்ற மனிதன் வந்து மூன்று லட்சம் ஆண்டு என்றால் துணியில் இரண்டு மில்லிமீட்டர். டைனோசர்கள் அழிந்தது நுனியிலிருந்து 43 சென்டிமீட்டரில். இதுவரை எந்த ஊர் மாண்டிசோரிப் பள்ளியிலும் செய்வதுதான். எங்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு குறிகள் உண்டு. இரண்டும் எங்கள் மாவட்டத்தின் கொடை.

முதலாவது செஞ்சி. அந்தப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. துணியில் நுனியிலிருந்து பதினாறு மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும்; பாதி வழிக்கும் மேல். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைப் பிள்ளைகள் அறிவார்கள். கோட்டை கட்டிய ராஜாக்கள் எல்லோருமே துணியின் நுனியில் ஒரு நூலிழைக்குள் அடங்கிவிடுகிறார்கள், அவர்கள் நின்ற பாறை மட்டும் அங்கே வேப்பமரத்தடியில் இருக்கிறது என்பதை ஒரு பையன் இரண்டு இடத்துக்கும் ஓடி ஓடிக் காட்டினான்.

இரண்டாவது திருவக்கரை. கல்மரப் பூங்கா என்று பலகை வைத்திருப்பார்கள்; இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியச் சின்னமாக அறிவித்த இடம். 1781-லேயே சொனரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் அதைப் பற்றி எழுதிவிட்டார். சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முன்னால் வெள்ளம் அடித்து வந்து மணலுக்குள் புதைத்த மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு சிறுமி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்கிரகாளியம்மன் கோவிலுக்குப் பாட்டியோடு போகிறவள், எழுந்து சொன்னாள்: "அது மரம் இல்ல டீச்சர். அசுரனோட எலும்பு. எங்க ஆயா சொன்னாங்க." அந்தப் பக்கத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை அது. நான் மறுத்துப் பேசவில்லை. மரத்துக்கு உள்ளே என்ன இருக்கும், எலும்புக்கு உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். பள்ளி வேலியோரம் வெட்டிய வேம்பின் துண்டையும், காய்ந்த ஆட்டெலும்பு ஒன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைந்துகொண்டார்கள். அந்தப் படங்களோடு திருவக்கரைக்குப் போனோம். அங்கே வெட்டுமுகத்தில் கைவைத்து, நார் ஓடியிருப்பதையும் கிளை விட்ட கணுவையும் அந்தச் சிறுமியே கண்டுபிடித்தாள். "ஆயாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். பாட்டியின் கதையையும் அவள் விடவில்லை. எங்கள் அறையின் ஏட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: மக்கள் சொல்வது, மரம் சொல்வது. துணியில் திருவக்கரை நுனியிலிருந்து 13 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. செஞ்சிப் பாறைக்கு அது பேத்தியின் பேத்தி என்று ஒரு குழந்தை கணக்குப் போட்டது.

இனி மல்லாட்டை. வேறு ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், எங்கள் பக்கத்தில் மல்லாட்டைதான். தை பிறந்ததும் பள்ளிக்குப் பின்னால் இரண்டு பாத்தி விதைத்தோம். அக்கம்பக்கத்தில் மார்கழிப் பட்டத்துப் பயிர் பங்குனியில் பிடுங்கலுக்கு வரும்போது, எங்கள் பாத்தியில் விழுது இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்றுதான் தள்ளி விதைப்பது.

கொல்லைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிடுங்கத் தெரியும், உதறத் தெரியும், அவித்துத் தின்னத் தெரியும். மண்ணுக்குள் இருப்பதால் அது வேர் என்றுதான் பாதிப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பூ மேலே பூக்கிறது, காய் கீழே காய்க்கிறது. நடுவில் நடப்பதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. விடியலில் மஞ்சள் பூ விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். தன் மகரந்தத்தையே ஏற்றுச் சூல் கொள்ளும். அப்புறம் பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று கீழ்நோக்கி நீளும். அதுதான் விழுது. சூல் அதன் நுனியில் இருக்கிறது. விதைத்து நாற்பது நாள் போல விழுதுகள் மண்ணைத் தொடும், உள்ளே நுழைந்து கிடைமட்டமாகத் திரும்பிக் காய் பிடிக்கும். மண்ணை எட்டாத விழுது காய்ந்துபோகும்.

இதைச் சொல்லிக் கொடுக்காமல் காட்டுவதற்காக, கண்ணாடி ஜாடிகளில் ஓரத்தை ஒட்டி விதை போட்டிருந்தோம். ஒரு ஜாடியைக் கருப்புத் துணியால் சுற்றினோம், இன்னொன்றைத் திறந்து வைத்தோம். இருட்டு இருந்தால்தான் காய் பருக்கும் என்பது பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் நடந்தது. வேரில் முண்டு முண்டாக இருப்பது நோய் என்று எண்ணி ஒருத்தி கவலைப்பட்டாள். பிளேடால் ஒன்றை நறுக்கிக் கொடுத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றும் பாக்டீரியாவின் வீடு அது, சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காற்றில் நைட்ரஜன் எப்படி வந்தது என்று கேட்டார்கள். கருப்புத் துணியின் தொடக்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று. முழுக்கதையை முதலில் சொல்லி வைத்தால் இதுதான் நடக்கும். ஒரு வேர்முண்டிலிருந்து பூமியின் முதல் காற்று மண்டலத்துக்குப் பிள்ளை தானே நடந்து போகிறது.

ஒரு பையனின் அப்பா பாத்தியைப் பார்க்க வந்தார். அவர் பத்துப் பதினைந்து வருடமாக மல்லாட்டை வைப்பவர். குனிந்து ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "மண்ணு அணைக்கலயே டீச்சரம்மா. ஜிப்சமும் போட்டா மாதிரி தெரியல" என்றார்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க தம்பி. அவங்கதான் இந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரங்க."

அவர் வரப்பில் உட்கார்ந்து, விழுது இறங்கும் முன்னால் ஏன் மண் அணைக்க வேண்டும், ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம், அது இல்லாவிட்டால் காய் ஏன் பொக்காகப் போகும் என்று விவரமாகச் சொன்னார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஜிப்சத்தில் என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் என்றார். மகன் அப்பாவைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமிதத்தை வைத்துத்தான் அந்த நாளை நான் நினைவில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் என்பது தன் வீட்டாருக்குத் தெரியாததைச் சொல்லும் இடம் என்றே பழகிய பிள்ளை அவன்.

பெரிய எண்களுக்கு எங்களிடம் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது. ஒரு கட்டை அரை சென்டிமீட்டர் என்று தொடங்கினால் ஆயிரம் ஐந்து சென்டிமீட்டர்க் கனம், பத்து லட்சம் ஐம்பது சென்டிமீட்டர்க் கனம்; அதுதான் அந்தப் பெட்டி. விழுப்புரத்து ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். மாண்டிசோரி நிறங்களில் ஒன்று பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு; ஆயிரத்தில் மறுபடி பச்சை, பத்தாயிரம் நீலம், லட்சம் சிவப்பு; பத்து லட்சத்தில் மறுபடி பச்சை. நம் பிள்ளைகள் லட்சம், கோடி என்று எண்ணுகிறவர்கள். காற்புள்ளி நாம் போடும் இடம் வேறு, நிறம் மறுபடி பச்சையில் தொடங்கும் இடம் வேறு. ஒரே எண்ணுக்கு இரண்டு விதமாகக் காற்புள்ளி போட்ட அட்டைகளைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். குழப்பம் சில நாள் இருக்கும். அதன் பிறகு அவர்களுக்கு எந்த நாட்டு எண்ணையும் வாசிக்க வரும். குழப்பம் தீர்க்க நான் அவசரப்படுவதில்லை.

இந்த முறை அந்தப் பெட்டிக்கு வேறு வேலை கிடைத்தது. மழை அளவு பற்றிப் பேச்சு வந்தபோது 2024 டிசம்பர் 1-ஐ எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்து நகராமல் நின்ற நாள். மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு ரயில்கள் நின்றுபோயின. எங்கள் பிள்ளைகள் சிலர் உறவினர் வீட்டு மாடியில் தூங்கியவர்கள். "ஐம்பது சென்டிமீட்டர்னா எவ்வளவு?" என்று ஒரு சின்னவன் கேட்டான். பெரியவள் ஒருத்தி போய்ப் பச்சைப் பெட்டியின் பக்கத்தில் நின்றாள். அவள் முட்டிக்கு மேலே வந்தது அது. ஒரே நாளில் மேலேயிருந்து விழுந்த தண்ணீர் எங்கும் ஓடாமல் நின்றிருந்தால் இவ்வளவு உயரம்.

அன்றைக்கு முழுக்க வேறு வேலை நடக்கவில்லை. ஒரு சதுர மீட்டரைச் சுண்ணாம்பில் வரைந்தார்கள். அதில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 500 லிட்டர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் என்று புத்தகத்தில் தேடி எடுத்தார்கள். பெருக்கினால் 20 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு ஏக்கருக்கு, ஒரு நாளில். இரண்டு பச்சைப் பெட்டிகளில் உள்ள ஒவ்வொரு சின்னக் கட்டையும் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தில் மாடு இழந்த வீட்டுப் பையன் ஒருவன் கடைசிவரை பென்சிலை வைக்காமல் அவன் அப்பாவின் கொல்லைக்குக் கணக்குப் போட்டான். அவனை நான் நிறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவனுக்கு அந்த எண் தேவைப்பட்டது.

தமிழ் இலக்கணத்தில்தான் எனக்குச் சொந்தமாகச் செய்ய நிறைய இருந்தது. மாண்டிசோரியின் இலக்கணப் பெட்டிகள் ஐரோப்பிய மொழிகளுக்கு உருவானவை. பெயர்ச்சொல் கருப்பு முக்கோணம், வினைச்சொல் சிவப்பு வட்டம். இவை நமக்கும் பொருந்தும். நமக்கு முன்னிடைச்சொல் கிடையாது, வேற்றுமை உருபு பின்னால் வந்து ஒட்டுகிறது. அதற்குத் தனியாக ஒரு பச்சைப் பிறையை அட்டையில் வெட்டிக்கொண்டேன். 'குச்சி', 'எடு', 'தள்ளு', 'கொடு' என்று சொல் அட்டைகள் ஒரு பக்கம். 'ஐ', 'ஆல்', 'கு', 'இல்' என்று பிறைகள் ஒரு பக்கம். பிள்ளைகள் சேர்த்து வைத்து, வந்ததைச் செய்து காட்ட வேண்டும். குச்சியைத் தள்ளு என்றால் குச்சி உருளும். குச்சியால் தள்ளு என்றால் பக்கத்தில் இருப்பவன் உருள்வான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் வேற்றுமைக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் இறங்கிவிடும்; பேர் பிறகு சொன்னால் போதும். பிறைகளை எல்லாம் எடுத்துவிட்டு 'அப்பா மாடு வயல் ஓட்டினார்' என்று வைத்தால் அறையே சிரிக்கும்.

நம் வினை இன்னும் சுவையானது. வந்தான், வந்தாள், வந்தது: செய்தவர் யார் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கருப்பு முக்கோணம் ஒட்ட வேண்டும் என்று சொன்னது ஒரு பிள்ளை, நான் அல்ல. அன்றிலிருந்து எங்கள் வட்டங்களுக்கு வால் உண்டு. இந்த வேலையைத் தமிழ் ஆசிரியர்கள் பலர் சேர்ந்து செய்து, ஒரே மாதிரியாக அச்சிட்டு எல்லாப் பள்ளிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றியப் பள்ளிகளுக்கு முதலில்.

எழுத்தின் கதைக்கு இந்த வட்டாரத்தைப் போல வசதியான இடம் குறைவு. கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி ஓவியம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோவிலின் கிரந்த எழுத்து. ஓவியம், வட்டெழுத்து, கிரந்தம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்து வந்துவிடலாம். இந்த வருடம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. ஆடி கழித்துப் போவதாக வைத்திருக்கிறோம்.

கணக்கில் ஒன்று சொல்ல வேண்டும், பெற்றோர் அதிகம் பயப்படுவது அங்கேதான். "இப்படியே மணி வச்சிட்டே இருந்தா ஆறாவதுல என்னா பண்ணும்?" என்பார்கள். நீண்ட வகுத்தலுக்கு எங்களிடம் சோதனைக்குழாய்கள் இருக்கின்றன, குழாய்க்குப் பத்து மணி. பிள்ளை ஒவ்வொரு மணியாகப் பங்கிட்டு, தீர்ந்ததும் பத்தை உடைத்து ஒன்றாக்கி, மறுபடி பங்கிடும். மெதுவான வேலை. அந்த மெதுவில்தான் பிள்ளைக்கு வகுத்தல் என்றால் என்னவென்று தெரிகிறது. ஒரு நாள் அது மணியை எடுக்காமல் நேரே தாளில் எழுதும். அந்த நாளை ஆசிரியர் குறிக்கக் கூடாது. போன மாதம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மணியைத் தொடாமலே ஏழு இலக்க எண்ணை வகுத்து முடித்தாள். "தட்ட எடுத்து வச்சிரட்டா டீச்சர்? கையி லேட்டாவுது" என்றாள். அதற்கு முன்னால் நான் எடுத்து வைத்திருந்தால் அவளிடம் சூத்திரம் மட்டும் தங்கியிருக்கும். பொருளைக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். பிள்ளையே திருப்பித் தரும் வரை காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி. கல்வியாண்டு முடிய முடியக் காத்திருப்பது இன்னும் கடினம்.

ஆறாம் வகுப்புக்கு எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். மதிப்பெண் பட்டியல் கேட்கும் பெற்றோரிடம் நான் பிள்ளையின் ஏட்டைத்தான் கொடுப்பேன். மல்லாட்டை பற்றி அது எழுதிய பக்கத்தில் தாவரவியல், ஏக்கர்க் கணக்கு, சொற்றொடர், அப்பாவின் ஜிப்சம் எல்லாம் இருக்கும். உட்கார்ந்து வாசித்தவர்கள் மறுபடி பட்டியல் கேட்டதில்லை. வாசிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளையே வாசித்துக் காட்டும்.

மாண்டிசோரியில் வெளிப்பயணம் என்பது பள்ளி ஏற்பாடு செய்யும் சுற்றுலா அல்ல. மூன்று நான்கு பிள்ளைகளுக்கு அறைக்குள் கிடைக்காத விடை ஒன்று தேவைப்பட வேண்டும். அவர்களே கடிதம் எழுத வேண்டும், பேருந்து நேரம் பார்க்க வேண்டும், கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். இப்போது அப்படி ஒரு கூட்டம் திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்துகள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புறப்படத் தயாராகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையது. மல்லாட்டை மூட்டையில் டி.எம்.வி. என்று போட்டிருப்பது திண்டிவனத்தின் பேர்தான் என்று தெரிந்ததிலிருந்து அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-ல். அம்மையார் அடையாறு ஓலைக் கொட்டகையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம் என்று நான் சொன்னேன். அதில் அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை, அந்த ரகம் ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்ப் பரவியது என்றதில்தான் அக்கறை.

கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினார்கள். 'ஐயா' என்று தொடங்குவதா, 'ஐயா / அம்மா' என்று தொடங்குவதா என்று வாக்குவாதம் நடந்து, இரண்டாவது வென்றது. கேள்விகள் தனித்தாளில். ஒரு புது ரகம் செய்ய எத்தனை வருடம் ஆகும்? பூ விடியலிலேயே தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்கிறது என்றால் நீங்கள் எப்போது எழுந்து கலப்புச் செய்வீர்கள்? வெள்ளத்தில் மூன்று நாள் நின்றால் எந்த ரகம் பிழைக்கும்? தொட்டியைப் படுக்க வைத்தால் விழுது எந்தப் பக்கம் போகும்? கடைசிக் கேள்வியை அடித்துவிட்டார்கள். அதற்கு அங்கே போக வேண்டியதில்லை, இங்கேயே பார்த்துவிடலாம் என்று ஒருவன் சொல்ல, பின்வரிசைத் தொட்டிகளில் இரண்டைப் படுக்க வைத்துச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும் முறை யாருக்கு என்று பட்டியல் போட்டு, விடுமுறை நாட்களுக்கும் பேர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.